விதைப்பையில் திடீர் வலியா? கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

பையனுக்கு விதைப்பையில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கடுமையாக வலிக்கிறது, கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்கிறது என்றால், டாக்டர் பார்த்து இல்லை என்று சொல்லும்வரை அதை விரை முறுக்கு (விரை தன் நாணோடு சுற்றி முறுக்கிக்கொள்வது) என்றே வைத்துக்கொள்ளுங்கள். 12 முதல் 18 வயதுக்குள்தான் இது அதிகம். தூக்கத்திலேயே வலி வந்து எழுப்பிவிடும். வெட்கத்தில் 'அடிவயிறு வலிக்குது' என்று மட்டும் சொல்லும் பையன்கள் நிறைய, அதனால் கீழேயும் வலிக்கிறதா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள்.

வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விரை பிழைத்துவிடும். 12 மணி நேரம் ஆனால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒரு நாள் தாண்டினால் பிழைப்பது அபூர்வம்.

ஏன் இவ்வளவு அவசரம்? விரைக்குப் போகும் நாண், அதாவது ரத்தக்குழாய்கள் அடங்கிய தண்டு, முறுக்கிக்கொண்டதும் முதலில் சிரை நசுங்கி ரத்தம் தேங்கும், அப்புறம் தமனியும் அடைபடும், ஆக்சிஜன் இல்லாமல் செல்கள் சாகத் தொடங்கும். முறுக்கை அவிழ்த்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ரத்தம் திரும்பிப் பாயும்போது வெள்ளையணுக்களும் ஆக்சிஜன் ரேடிக்கல்களும் (செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் துணுக்குகள்) கிளப்பும் களேபரத்தில், விந்தணுவை உண்டாக்கும் செல்கள் தங்களைத் தாங்களே முடித்துக்கொள்கின்றன: பாக்ஸ் என்ற புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உறையில் ஓட்டை போடும், அதன் வழியே சைட்டோகுரோம் சி என்ற இன்னொரு புரதம் கசியும், அது காஸ்பேஸ் நொதிகளை எழுப்பிவிட, அவை செல்லை உள்ளிருந்தே துண்டு துண்டாக்கும். காவலுக்கும் புரதங்கள் உண்டு. பிசிஎல்-2 பாக்ஸைத் தடுத்து வைக்கும், ஹெச்எஸ்பி70 உருக்குலையும் மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் முறுக்கு நீள நீள இந்தக் காவல் தோற்றுவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். இந்தச் செல் சாவைக் குறைக்க மெலடோனின் (தூக்க ஹார்மோன்) மாதிரி பலவற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து நல்ல பலனும் கண்டிருக்கிறார்கள், ஆனால் மனிதர்களுக்கு வழக்கமான சிகிச்சையாக எதுவும் வரவில்லை. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்து 'காலையில் பார்க்கலாம்' என்பது சுத்த முட்டாள்தனம்.

ராத்திரியானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள். தமிழ்நாட்டில் வண்டி இல்லையென்றால் 108. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் சாப்பாடு, காபி எதுவும் வேண்டாம். ஒத்தடம், எண்ணெய் தேய்த்து நீவுவது அறவே கூடாது. கையால் திருப்பி முறுக்கெடுக்கும் வித்தை டாக்டர்களுக்கு உண்டு, வீட்டில் வேண்டாம், ஏனென்றால் முறுக்கு எல்லோருக்கும் ஒரே பக்கமாக விழுவதில்லை, தப்பான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

அங்கே டாக்டர் உள்தொடையை லேசாகத் தடவிப் பார்ப்பார், அந்தப் பக்கத்து விரை மேலே ஏறாவிட்டால் சந்தேகம் பலமாகும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் உடனே கிடைத்தால் சரி. அறிகுறிகள் தெளிவாக இருக்கும்போது ஸ்கேனுக்காக மணிக்கணக்கில் உட்கார வைத்தால், 'சர்ஜன் பார்த்துவிட்டாரா?' என்று தயங்காமல் கேளுங்கள். கையெழுத்து வாங்கும்போது முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நல்ல பக்கத்து விரையையும் சேர்த்துத் தைப்போம் என்பார்கள், பயப்படாதீர்கள்: விரை சரியாக ஒட்டாமல் தொங்கும் பிறவி அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும்.

வழியிலேயே வலி தானாக நின்றுவிட்டாலும் வண்டியைத் திருப்பாதீர்கள். முறுக்கு தற்காலிகமாக அவிழ்ந்திருக்கலாம், திரும்பவும் விழலாம்.