சொந்தத் தொழில் செய்பவர் வாடகை வீடு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரிடம் வீட்டு உரிமையாளர் மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பார். மூன்றிலும் ஒரே தொகை இருக்கும், பார்த்ததும் விஷயம் முடிந்துவிடும். சொந்தத் தொழில் செய்பவரிடம் காட்ட அப்படி ஒரு சீட்டு கிடையாது. ஒரு மாதம் 90,000 வரும், அடுத்த மாதம் 40,000, அதற்கடுத்து 25,000. அதனால் உரிமையாளர் மனதில் ஓடும் கேள்வி இவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதைவிட, மாதாமாதம் தேதி தவறாமல் வாடகை வருமா என்பதுதான். இதற்குப் பதில் சொல்லாமல் "எனக்கு நல்ல வருமானம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதில்தான் பலருக்கு வீடு கைநழுவிப் போகிறது.

மொத்த வரவை வருமானம் என்று சொல்வது

முதல் சந்திப்பிலேயே நடக்கும் தவறு இது. ஓர் ஆண்டில் வாடிக்கையாளர்களிடமிருந்து 12,00,000 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் "மாதம் ஒரு லட்சம்" என்று வாயில் வந்துவிடும். பொருள் வாங்கியது, உதவிக்கு ஆள் வைத்தது, பயணம், கருவி, மென்பொருள் என்று 4,80,000 தொழிலுக்கே போயிருந்தால் மிச்சம் 7,20,000. மாதத்துக்கு 60,000. வரித் தாக்கல் ஆவணத்தில் இருப்பதும் இந்த 7,20,000தான். வாயால் சொன்ன ஒரு லட்சத்தையும் காகிதத்தில் உள்ள அறுபதாயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு நீங்கள் பொய் சொன்னதாகத்தான் தோன்றும். நீங்கள் பொய் சொல்லவில்லை, எண்ணை மாற்றிச் சொன்னீர்கள், அவ்வளவுதான். ஆனால் அதை விளக்க வாய்ப்புக் கிடைப்பது அரிது. ஆகவே செலவு போக, வரிக்கு முந்தைய நிகர வருமானம் எது என்று தெரிந்துகொண்டு, எல்லா இடத்திலும் அந்த ஒரே எண்ணைச் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. வரியைக் குறைக்கச் சட்டப்படி கிடைக்கும் கழிவுகளையெல்லாம் எடுத்திருந்தால், காகிதத்தில் வருமானம் உண்மையைவிடச் சிறுத்துத் தெரியும். அந்த 4,80,000 செலவில் 60,000 என்பது கருவிகளின் தேய்மானம், அதாவது முன்பே வாங்கிய கருவி பழசாகி மதிப்புக் குறைவதற்காகக் கணக்கில் எழுதும் தொகை என்றால், அந்த ஆண்டு அது கையிலிருந்து போன பணம் கிடையாது. அதைத் திரும்பக் கூட்டினால் ஆண்டுக்கு 7,80,000, மாதத்துக்கு 65,000. இதை வாய்மொழியாகச் சொன்னால் சாக்குப்போக்குப் போலக் கேட்கும். லாப நட்டக் கணக்கில் தேய்மானம் தனி வரியாக இருக்கட்டும். கணக்காளரின் கையொப்பத்தோடு அதைக் காட்டுங்கள்.

காகிதக் கட்டைத் தூக்கிக் கொடுப்பது

இரண்டு ஆண்டு வங்கிக் கணக்கு அறிக்கை, நூற்றுக்கணக்கான வரிகள், அதில் வாடிக்கையாளர் பணமும் மளிகைச் செலவும் நண்பருக்குக் கொடுத்த கைமாற்றும் கலந்து கிடக்கும். உரிமையாளரோ அவருடைய தரகரோ இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கப் போவதில்லை. புரியாததை ஒதுக்கிவிட்டு, சம்பளச் சீட்டோடு வந்த அடுத்தவருக்கு வீட்டைக் கொடுத்துவிடுவார்கள்.

மேலே ஒரே ஒரு பக்கம் வையுங்கள். என்ன தொழில், எத்தனை ஆண்டாகச் செய்கிறீர்கள், கடந்த 24 மாதங்களின் நிகர வருமானம் மாதவாரியாக, அவற்றின் சராசரி, கையிருப்பு, இப்போது வரை கொடுத்துவரும் வாடகை. இவ்வளவு போதும். அதற்குக் கீழே ஆதாரங்கள்: கடைசி இரண்டு ஆண்டு வரித் தாக்கல், நடப்பு ஆண்டின் லாப நட்டக் கணக்கு, ஆறு மாத வங்கி அறிக்கை, நீண்டகால வாடிக்கையாளர் ஒப்பந்தம் இருந்தால் அதன் முதல் பக்கம். முதல் பக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணும் கீழே எந்தத் தாளில் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். முந்தைய வீட்டு உரிமையாளர் "வாடகை தவறாமல் வந்தது" என்று எழுதிக் கொடுத்தால் அதையும் சேருங்கள். மாதாமாதம் வருமா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் தாள் அதுதான். வருமான ஆவணங்களைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பது எங்கள் கருத்து.

தொழில் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றாக இருப்பது

வீடு தேடும் வாரத்தில் இதைச் சரிசெய்ய முடியாது. ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். வாடிக்கையாளர் பணம் முழுவதும் தொழில் கணக்கில் விழட்டும். அங்கிருந்து மாதத்தின் ஒரு குறிப்பிட்ட தேதியில், ஒரே தொகையை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். சராசரி 60,000 என்றால் 40,000 மாற்றலாம். நல்ல மாதத்தில் மிஞ்சுவது தொழில் கணக்கிலேயே தங்கி மந்தமான மாதத்தைத் தாங்கும், வரிக்கும் உதவும். ஆறு மாதம் கழித்து சொந்தக் கணக்கின் அறிக்கையை எடுத்தால் ஒரே தேதி, ஒரே தொகை, ஆறு முறை. தொழில் கணக்கையும் கூடவே காட்டினால் அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவாகிவிடும்.

சம்பளச் சீட்டைத் தயாரித்துக்கொள்வது

தெரிந்த நிறுவனத்தின் பெயரில் ஒரு சீட்டு அடித்துக்கொள்வது, வங்கி அறிக்கையின் கோப்பைத் திருத்துவது இரண்டும் மோசடி. பிடிபட்டால் ஒப்பந்தம் ரத்தாவதோடு நிற்காது, வழக்கு வரைக்கும் போகும். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பார்ப்பது, அறிக்கையின் கூட்டல் தொகைகளைச் சரிபார்ப்பது என்று கண்டுபிடிக்கும் வழிகளும் எளிமையானவை. நீங்கள் பதிவுசெய்த நிறுவனம் நடத்தி, அதிலிருந்து முறைப்படி வரிப் பிடித்தத்தோடு உங்களுக்குச் சம்பளம் போட்டுக்கொண்டால் அந்தச் சீட்டு உண்மையானது, தாராளமாகக் கொடுக்கலாம். நிறுவனம் உங்களுடையது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நல்ல மாதத்தை வைத்து வாடகையை முடிவுசெய்வது

உரிமையாளரைச் சமாதானப்படுத்துவது பாதி வேலை. மீதிப் பாதி, அந்த வாடகையை உங்களால் தாங்க முடியுமா என்பது. வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருக்க வேண்டும் என்ற பொதுக் கணக்கு மாதாமாதம் ஒரே தொகை வரும் சம்பளக்காரருக்குத்தான் நன்றாகப் பொருந்தும். சராசரி 60,000க்கு 18,000 சரிதானே என்று அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

மேலே சொன்ன 7,20,000ஐ மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள்: 90,000, 40,000, 25,000, 1,10,000, 60,000, 35,000, 70,000, 20,000, 85,000, 45,000, 50,000, 90,000. வாடகை 18,000, மற்ற வீட்டுச் செலவு 22,000, ஆக மாதம் 40,000 வேண்டும். மூன்று மாதங்களில் துண்டு விழுகிறது: 15,000, 5,000, 20,000. மொத்தம் 40,000. இந்த ஆண்டு அவை தள்ளித் தள்ளி வந்தன. அடுத்த ஆண்டு மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அந்த 40,000 முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அதோடு, 60,000 என்பது வரி கட்டுவதற்கு முந்தைய எண். வரியை மாதாமாதம் தனியே எடுத்து வைக்காதவருக்கு, வரி கட்டும் மாதம்தான் வாடகை தவறும் மாதம்.

டெபாசிட், தரகு, வீடு மாற்றும் செலவு எல்லாம் போன பிறகும் குறைந்தது மூன்று மாத வாடகையும் வீட்டுச் செலவும் தனியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பாதிக்கு மேல் வருமானம் வருகிறது என்றால் ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. அவர் போனால் அந்தப் பாதி ஒரே நாளில் போய்விடும்.

வாடகைத் தேதியையும் கவனியுங்கள். இன்வாய்ஸ் அனுப்பி 30 நாளில் பணம் வரும் தொழிலில், மாதக் கடைசியில் அனுப்பிய இன்வாய்ஸுக்கு அடுத்த மாதக் கடைசியில்தான் பணம் வரும். வாடகை 1ஆம் தேதி என்றால் வாடிக்கையாளர் இரண்டு நாள் தாமதித்தாலே நீங்கள் தவணை தவறியவர். 7ஆம் அல்லது 10ஆம் தேதிக்கு மாற்றித் தரும்படி ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். குடிவந்த பிறகு கேட்டால் அதுவே பணத் தட்டுப்பாட்டின் அறிகுறியாகத் தெரியும்.

தயக்கம் தெரிந்ததும் பெரிய தொகையை நீட்டுவது

"ஒரு வருட வாடகையை இப்போதே தருகிறேன்" என்பது உரிமையாளரின் தயக்கத்தை உடனே போக்கும். உங்கள் கையிருப்பையும் உடனே போக்கிவிடும். வீட்டில் நீர்க்கசிவு, பழுது என்று வந்தால் பேரம் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சாது. இடையில் காலிசெய்ய நேர்ந்தால் மீதியைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. டெபாசிட்டுக்கும் முன்கூட்டிய வாடகைக்கும் சட்ட வரம்பு வைத்திருக்கும் இடங்களும் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். நிலையான வருமானம் உள்ள ஒருவரைப் பிணையாளராகக் காட்டுவதோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டிக் கட்டுவதாகச் சொல்வதோ போதுமானதாக இருக்கலாம். பிணையாளராக வருபவருக்கு, நீங்கள் கட்டாவிட்டால் தன் கையிலிருந்து போகும் என்பது தெரிந்திருக்க வேண்டும். கூடுதல் தொகை கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அது டெபாசிட்டா வாடகையா, வாடகையென்றால் எந்தெந்த மாதத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வீட்டை நேரில் பார்க்கும் முன், உரிமையைச் சரிபார்க்கும் முன் எந்தத் தொகையும் வேண்டாம்.

வீட்டில் என்ன வேலை நடக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது

பல ஒப்பந்தங்களில் "வசிப்பதற்கு மட்டும்" என்ற வரி இருக்கும். மேசையில் உட்கார்ந்து கணினியில் வேலை செய்பவரை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. வாடிக்கையாளர் வந்து போவது, ஆள் வைத்து வேலை செய்வது, சரக்கு அடுக்குவது, தையல் இயந்திரமோ அடுப்போ நாள் முழுக்க ஓடுவது, வாசலில் பலகை மாட்டுவது, இந்த வீட்டு முகவரியில் தொழிலைப் பதிவுசெய்வது இவையெல்லாம் வேறு கதை. அக்கம்பக்கத்தார் ஒருவர் புகார் செய்தால் போதும், அந்த ஒரு வரியைக் காட்டி உங்களைக் காலிசெய்யச் சொல்ல முடியும். சில இடங்களில் மின்கட்டணம் வணிக விகிதத்துக்கு மாறும். வீட்டுக் காப்பீடு தொழிலால் ஏற்பட்ட தீ விபத்தை ஏற்காமல் போகலாம்.

ஆகவே எழுத்தில் வாங்குங்கள். "வாடகைதாரர் இந்த வீட்டில் தையல் தொழில் செய்யலாம், இரண்டு இயந்திரங்கள், காலை 9 முதல் மாலை 6 வரை, வேலையாட்கள் இல்லை" என்பதுபோல அளவும் நேரமும் வரட்டும். ஒப்பந்தம் உங்கள் பெயரிலா, தொழிலின் பெயரிலா என்பதையும் யோசியுங்கள். தொழிலின் பெயரில் போட்டால் குடியிருப்பவருக்கான சட்டப் பாதுகாப்பு பல இடங்களில் கிடைக்காமல் போகக்கூடும்.

வேலை செய்யும் அறைக்கான வாடகைப் பங்கைத் தொழில் செலவாகக் காட்டுவது பல இடங்களில் அனுமதிக்கப்படுகிறது. 80 சதுர மீட்டர் வீட்டில் 12 சதுர மீட்டர் அறை என்றால் 15 சதவீதம். வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே கொடுத்தால் இதற்கும் ஆதாரம் இருக்கும், அடுத்த வீட்டுக்குக் காட்டவும் ஆதாரம் இருக்கும்.

ஆவணங்களை மூடாமல் அனுப்புவது

வங்கி அறிக்கையில் உங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் அவர்கள் தரும் கட்டணமும் இருக்கின்றன. வீடு தருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவுசெய்யாத ஒருவருக்கு அவை தேவையில்லை. பெயர்களையும் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றவற்றையும் மறையுங்கள். தொகை, தேதி, இருப்பு இவற்றை மட்டும் மறைக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் "இந்த வீட்டு வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்ற வரியும் தேதியும் இருக்கட்டும். மறைக்காத மூலப் பிரதியை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் நேரில் காட்டலாம். பார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.