எம்.பி.யிடம் மனு கொடுக்கும் முன்: பீடித் தெருவில் நாங்கள் செய்த தவறுகள்

முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் மதியம் வந்து பாருங்கள். திண்ணைக்குத் திண்ணை மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும். பேச்சு நடந்துகொண்டே இருக்கும், கை நிற்காது. அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்துதான் நான் மனு எழுதிக் கொடுக்கிறேன்.

நாங்கள் செய்த பெரிய தவறு, சட்டம் நிறைவேறிய பிறகு விழித்துக்கொண்டது. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966 முதல் தனிச் சட்டம் இருந்தது. அதைப் பல தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய ஒரு பொதுத் தொகுப்புக்குள் கரைத்த மசோதா 2020 செப்டம்பர் 22 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வேளாண் மசோதாக்களை ஒட்டி எழுந்த ரகளையில் எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கமாகி, பெரும்பாலான எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரம் அது. டிவியில் கூச்சலைப் பார்த்துவிட்டு "சபை நடக்கவில்லை, ஒன்றும் ஆகாது" என்று இருந்துவிட்டோம். கூச்சலுக்கு நடுவிலும், ஆள் இல்லாத பெஞ்சுகளுக்கு முன்னாலும் மசோதா நிறைவேறும்.

அந்த மசோதாவின் முதல் வடிவம் 2019 அக்டோபரில் தொழிலாளர் நிலைக்குழுவுக்கு, அதாவது மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழுவுக்குப் போனது. குழு 2020 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. நாம் பேசியிருக்க வேண்டியது அந்த மாதங்களில். நிலைக்குழுவுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். கட்சி வேறுபாடு அங்கே கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆனால் அந்தக் கதவும் ஒடுங்கி வருகிறது. 15-வது மக்களவையில் 100 மசோதாவுக்கு 71 குழுவுக்குப் போயின; 17-வதில் 16 மட்டுமே. ஆகவே அமைச்சகம் வரைவை வெளியிடும்போதே பிடிக்க வேண்டும். 30 நாளாவது கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் முடிவானது. பல மசோதாக்களுக்கு அதுவும் நடப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அடுத்தது, "நம்ம எம்.பி. எதிர்த்து ஓட்டுப் போடட்டும்" என்று கேட்பது. 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா இடும் உத்தரவை மீறினால் பதவியே போகலாம். அவையில் கேள்வி எழுப்புவது போல, அவரால் முடிந்ததைக் கேளுங்கள்.

விலாசம் தவறுவதும் உண்டு. பீடிக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்தபோது எம்.பி.யை மட்டும் சுற்றி வந்தோம். வரி விகிதத்தைப் பேசி முடிப்பது ஜிஎஸ்டி கவுன்சில்; அங்கே மாநில நிதியமைச்சர்களும் இருக்கிறார்கள். மனு சென்னைக்கும் போயிருக்க வேண்டும். கோவில்பட்டி தீப்பெட்டிக்காரர்கள் சரியான கதவுகளைத் தட்டினார்கள். தங்கள் தொழிலைக் கெடுக்கும் மலிவு லைட்டர்களை எதிர்த்து விடாமல் முறையிட்டார்கள், முதல்வரும் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. வந்தது அரசு அறிவிப்பாக. நாடாளுமன்றத்தில் சட்டம் போட வேண்டியிருக்கவில்லை.

இப்படி அதிகாரத்தில் இருப்பவர்களிடம் போய் நம் பக்கத்தைச் சொல்வதும் லாபிதான். லாபி என்றாலே பணப்பெட்டி என்று ஒதுங்கிவிடாதீர்கள். கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 2005-ல் 11 எம்.பி.க்கள் நீக்கப்பட்டார்கள், அது லஞ்சம். நியாயத்தை எடுத்துச் சொல்லப் போவது நம் உரிமை.

அப்புறம், ஒரே மனுவில் எல்லாவற்றையும் திணிப்பது. எங்கள் தெரு ஆச்சி ஒருவர் ஏழு கோரிக்கை சொன்னார். வீட்டுக்கடன் மானியம், பேரன் உதவித்தொகை, ஆஸ்பத்திரி என்று நீண்டது. அதில் பி.எஃப். ஒன்றை மட்டும் எடுத்து, எம்.பி. மக்களவையில் கேட்கும் கேள்வியாக்கினோம்: "திருநெல்வேலி மாவட்டத்தில் பி.எஃப். பதிவுள்ள பீடித் தொழிலாளர்கள் எத்தனை பேர், தீர்க்கப்படாத விண்ணப்பங்கள் எத்தனை?" மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230. குலுக்கலில் விழ வேண்டும், 15 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். விழுந்தால் அமைச்சரின் பதில் அச்சில் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பி.எஃப். அலுவலகத்தில் பேசலாம். ஆச்சியின் மற்ற ஆறும் நோட்டில் இருக்கின்றன, அடுத்த கூட்டத்தொடருக்கு.