ஆயில் கலரை விடுங்க, மூடியைத் திறந்து உள்ள பாருங்க

இன்ஜின் ஆயில் அளவு பார்க்கற டிப்ஸ்டிக்கை உருவி துணில துடைச்சு காட்டி "ஆயில் கறுத்துடுச்சு சார், மாத்திடலாம்"னு மெக்கானிக் சொன்னா நாமளும் சரின்னுடறோம். ஆனா கறுத்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. ஆயில்ல இருக்கற டிடர்ஜென்ட், கரியை இன்ஜின்ல ஒட்ட விடாம தன்கூடவே சுமந்துக்கிட்டு சுத்துது, அதான் கறுக்குது. டீசல் வண்டில புது ஆயில் ஊத்தி கொஞ்ச தூரத்துலயே கறுத்துடும், அது நார்மல்.

கலரை விட மூக்குதான் நம்பகமான ஆளு. டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க, பெட்ரோல் இல்ல டீசல் வாடை தூக்கலா அடிச்சாலோ, லெவல் குறையறதுக்கு பதிலா ஏறிக்கிட்டே போனாலோ ஆயில்ல எரிபொருள் கலக்குது. டிபிஎஃப் (புகைல வர்ற கரியைப் பிடிக்கற ஃபில்டர்) இருக்கற பிஎஸ்6 டீசல் காரை ஊருக்குள்ளயே ஓட்டி, அந்தக் கரியை எரிக்கற ரீஜெனரேஷன் பாதி பாதில நின்னுட்டே இருந்தா இப்படி ஆகும். டிப்ஸ்டிக்ல மேல இருக்கற கோட்டை ஆயில் தாண்டிடுச்சுன்னா கிலோமீட்டர் கணக்கே பார்க்காதீங்க, மாத்திடுங்க.

இன்ஜின் சுத்தமா இருக்கான்னு தெரியணும்னா, வண்டியை ஆஃப் பண்ணி நல்லா ஆறவிட்டு ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி மொபைல் டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. சில கார்ல உள்ள ஒரு தகடு மறைக்கும், பரவால்ல, ஓரத்துல தெரியறதே போதும். மெட்டல் வெள்ளையா தெரிஞ்சா பிரமாதம். பழுப்பு கலர்ல மெல்லிசா படிஞ்சு, விரலால தேய்ச்சாலும் வராம இருந்தா அது வார்னிஷ். சூட்டுல வர்றது, உடனே ஆபத்து இல்ல, ஆனா ஆயில் மாத்தற இடைவெளியை, அதாவது இன்டர்வலை, கொஞ்சம் குறைங்கன்னு சொல்லுது. நகத்தால சுரண்டினா கறுப்பா கெட்டி கிரீஸ் மாதிரி வந்துச்சுன்னா ஸ்லட்ஜ், அதைத்தான் சீரியஸா எடுக்கணும். மூடிக்கு அடியில மட்டும் வெளுத்த நுரை இருந்தா பதறாதீங்க, தினமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓட்டற வண்டில ஈரம் ஆவியாகாம நிக்கும், ஒரு நாள் ஹைவேல நல்லா ஓட்டுங்க, போயிடும். திரும்பத் திரும்ப வந்து கூலண்டும் (இன்ஜினைக் குளிர்விக்கற திரவம்) குறைஞ்சா, அது ஆயில்ல கலக்காம தடுக்கற ஹெட் கேஸ்கெட்டை செக் பண்ணச் சொல்லுங்க.

ஸ்லட்ஜ் இருக்கற பழைய இன்ஜின்ல ஃப்ளஷ் (உள்ள கழுவற கெமிக்கல்) ஊத்த மட்டும் ஒத்துக்காதீங்க, தயவுசெஞ்சு. ஒரேடியா பேந்து வர்ற கசடு கீழ ஆயில் தேங்கற சம்ப்ல இருக்கற ஸ்ட்ரெய்னரை (சல்லடை) அடைச்சுடும், ஆயில் பிரஷர் விழும், பேரிங்கும் டர்போவும் போயிடும். அதுக்கு பதிலா நல்ல ஆயில் ஊத்தி 2,500 - 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஃபில்டரோட ரெண்டு மூணு முறை மாத்துங்க, மெதுவா கரைஞ்சு வரும். ரொம்ப கெட்டியா இருந்தா சம்ப்பை இறக்கி க்ளீன் பண்றதுதான் வழி.

இப்ப இன்டர்வல். கிலோமீட்டர் மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம், இன்ஜின் ஓடின மணி நேரத்தைப் பாருங்க. மீட்டர்ல ஆவரேஜ் ஸ்பீடு காட்டும்ல, அதால கிலோமீட்டரை வகுங்க. ஹைவேல 50 ஆவரேஜ்ல 10,000 கிலோமீட்டர்னா 200 மணி நேரம். அதே 10,000 கிலோமீட்டரை சென்னை டிராஃபிக்ல 20 ஆவரேஜ்ல ஓட்டினா 500 மணி நேரம், அதுல நிறைய நேரம் சிக்னல்ல நின்னு ஐடிலிங். ரெண்டு வண்டிக்கும் ஒரே இன்டர்வல்னா எப்படிங்க நியாயம்? மேனுவல்ல "கடுமையான பயன்பாடு"ன்னு தனியா ஒரு அட்டவணை இருந்தா அதைப் படிங்க, ஊருக்குள்ள ஓட்டற நம்ம வண்டியெல்லாம் அதுலதான் வரும். என் கணக்கு, ஆவரேஜ் 20 பக்கம்னா 5,000 கிலோமீட்டர், டர்போ பெட்ரோலா இருந்தா அதை விட நீட்டவே கூடாது. ஹைவே வண்டிக்கு மேனுவல் சொல்றதே போதும், அதுக்கு மேல போக வேண்டாம், வாரன்டி இருக்கு. ஓடலைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

பைக்ல விஷயம் வேற. பெரும்பாலான கியர் பைக்ல கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாம் அதே ஒரு லிட்டர் சொச்சம் ஆயில்லதான் ஓடுது, கியர் பல் அரைச்சு ஆயில் சீக்கிரம் தளர்ந்துடும். கியர் விழறது திடீர்னு கடினமானா, நியூட்ரல் கிடைக்காம படுத்தினா, ஆயிலைத்தான் முதல்ல சந்தேகப்படணும். ஜாசோ எம்ஏ இல்ல எம்ஏ2ன்னு (கிளட்ச்சும் ஆயில்ல நனையற பைக்குக்கான தரக் குறியீடு) போட்ட, மேனுவல் சொல்ற பைக் ஆயில்தான் ஊத்தணும், கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் ஸ்லிப் ஆக வாய்ப்பு இருக்கு.

ஒவ்வொரு ஆயில் சேஞ்ச் அப்பவும் மூடியைத் திறந்து அதே கோணத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க, கிலோமீட்டரையும் குறிச்சுக்கங்க. மூணு போட்டோலயும் மெட்டல் கலர் மாறலைன்னா உங்க இன்டர்வல் சரியா இருக்கு, பழுப்பு ஏறிக்கிட்டே போச்சுன்னா அடுத்த தடவைல இருந்து 1,000 கிலோமீட்டர் குறைச்சுக்கங்க.