மதிய ஜெபக்குழுவை எப்படி நடத்துவது?

நகரத்தில் ஜெபக்குழு தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே முழு இரவு ஜெபத்தை அறிவித்துவிடுகிறார்கள். வேண்டாம். நைட் ஷிப்ட் பார்ப்பவரும், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பவேண்டியவரும் அதற்கு வரமாட்டார்கள். மதிய இடைவேளையில் அரை மணி நேரம் போதும்.

நியூயார்க்கில் ஜெரமையா லான்ஃபியர் என்ற சபை ஊழியர் இப்படித்தான் செய்தார். 1857 செப்டம்பர் 23 அன்று, ஃபுல்டன் தெருவில் அவர் வைத்த முதல் மதிய ஜெபத்தில் அரை மணி நேரம் அவர் மட்டும்தான் இருந்தார். முடியும்போது ஆறு பேர். அக்டோபரில் பண நெருக்கடியில் அங்கே வங்கிகள் முடங்கின. சில மாதங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் ஜெபித்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கூட்டத்தின் ஒழுங்குதான். ஒருவருக்கு ஐந்து நிமிடம், மீறினால் மணி அடிக்கும். சபைப் பிரிவுச் சர்ச்சைகளுக்கு இடமில்லை. இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்குப் பதில் போன் அலாரம் வையுங்கள். மூத்த போதகர் ஜெபிக்கும்போதும் அது அடிக்கட்டும்! (அங்கேதான் நமக்குத் தைரியம் வராது.)

அப்புறம் ஜெபக்குறிப்பு நோட்டு. "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று ஜெபித்தால் பதில் வந்ததா என்பதே தெரியாது. "மூன்றாம் மாடி அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ், கூடப் போக ஆள் இல்லை" என்று எழுதுங்கள். எழுதியதுமே, யார் போவது என்ற கேள்வி வந்து நிற்கும். வேதாகமத்தில் வரும் நெகேமியா நாட்கணக்கில் உபவாசித்து ஜெபித்தவர். எருசலேமுக்கு வந்ததும் இராத்திரியில் நகரத்தின் இடிந்த அலங்கத்தை (மதிலை) நேரில் போய்ப் பார்த்தார். அதனால் என் நோட்டில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பக்கத்தில் "நாம் செய்யவேண்டியது" என்று ஒரு கட்டம் உண்டு. கடன், குடும்பத் தகராறு போன்றவற்றுக்குப் பெயர் எழுதாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள்.

தெருவில் நடந்து ஜெபிப்பதானால் இரண்டிரண்டு பேராக, சத்தமில்லாமல், கண்ணைத் திறந்துகொண்டே போங்கள். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கையை உயர்த்த வேண்டாம். வாட்ச்மேனிடம், "அண்ணே, உங்களுக்காக எதற்கு ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி, வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். எரேமியா 29:7 பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது. அதில் நம் சபைக்கு வராதவர்களும் அடக்கம்.

வியாதிக்காக ஜெபிக்கும்போது மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், தேதி குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். ஜெபத்துக்கு வல்லமை உண்டு என்று முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அப்போஸ்தலன் பவுல் மூன்றுதரம் வேண்டியும், அவர் 'முள்' என்று சொன்ன மாம்சத்தின் பாடு நீங்கவில்லை, அதைத் தாங்கக் கிருபைதான் கிடைத்தது. குணமாகாதவரிடம் "விசுவாசம் போதவில்லை" என்று சொல்வது கொடுமை. அந்தக் குறிப்பை அடிக்காமல் வைத்து, தொடர்ந்து ஜெபியுங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள்.

மாதக் கடைசியில் ஒருநாள் நோட்டை வாசித்து, பதில் வந்தவற்றுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை நடத்துகிற பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள், நோட்டோடு சேர்த்து.