பக்கத்தில் உலகப் போட்டி நடக்கிறதா? அண்டை அரசுகள் செய்யக் கூடாத தவறுகள்

ஒலிம்பிக்ஸோ உலகக் கோப்பையோ எல்லைக்கு அப்பால் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும், இந்தப் பக்கம் இருக்கும் மாநில, மாகாண அரசுகளுக்கும் ஆசை வந்துவிடும். அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆசை திட்டமாக மாறும்போது ஒரே மாதிரித் தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. போவதெல்லாம் மக்களின் வரிப்பணம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, தலைக்கணக்குப் போடுவது. "அங்கே லட்சக்கணக்கில் வருவார்கள், பத்தில் ஒருவர் இங்கே எட்டிப் பார்த்தாலே போதும்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த லட்சமே வெறும் கணிப்புதான். 2010 தென்னாப்பிரிக்கக் கால்பந்து உலகக் கோப்பைக்கு 4,83,000 வெளிநாட்டினர் வருவார்கள் என்று 2007-இல் மதிப்பிட்டார்கள். போட்டிக்காக வந்தவர்கள் சுமார் 3,10,000 பேர். வழக்கமாக வருகிற பயணிகளும் கூட்டத்துக்கும் விலையேற்றத்துக்கும் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். லண்டன் ஒலிம்பிக்ஸ் நடந்த 2012 ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டினர் எண்ணிக்கை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைந்தது. ஆனால் அவர்கள் செலவழித்த மொத்தத் தொகை கூடியது. போட்டி நடந்த நாட்டிலேயே இப்படி என்றால், தலைக்கணக்கை நம்பிப் புது விடுதிகளுக்கு மானியம் கொடுக்கிற அண்டை அரசு என்ன ஆகும்?

என்னைக் கேட்டால், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைக்கு எட்டுகிற பலன் அணிகளின் பயிற்சி முகாம்தான். ரசிகர் வராமல் போகலாம். அணி எங்காவது தங்கிப் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும். லண்டன் போட்டிக்கு முன் ஜமைக்கா அணியும் அமெரிக்கத் தடகள அணியும் பர்மிங்காமில்தான் பயிற்சி எடுத்தன. இங்கே நடக்கும் தவறு, தாமதம். தட்பவெப்பம், ஓடுதளத்தின் தரம், விமான நிலையத்தின் தூரம் எல்லாவற்றையும் பார்த்து அணிகள் வெகு முன்னதாகவே இடம் பிடித்துவிடுகின்றன. லண்டன் அமைப்பாளர்கள் ஒவ்வொரு நாட்டு ஒலிம்பிக் குழுவுக்கும் 25,000 பவுண்டு வரை உதவி தந்தார்கள். ஆனால் முன்கூட்டி ஒப்புதல் பெற்ற பயிற்சி இடங்களுக்கு மட்டுமே அந்தப் பணம் கிடைத்தது. கடைசி வருடத்தில் கதவைத் தட்டிப் பயனில்லை.

இன்னொரு தவறு, உள்ளூர் மக்களைக் கேட்காமல் அழைப்பது. 2010 உலகக் கோப்பைக்கு வந்த வட கொரிய அணியைத் தங்கவைக்க, தென்னாப்பிரிக்காவின் அண்டை நாடான ஜிம்பாப்வே திட்டமிட்டது. 1980-களில் ஜிம்பாப்வேயின் மாட்டபெலேலாந்துப் பகுதியில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அரசுப் படைப்பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தது வட கொரியா. அந்த மண்ணின் மக்கள் கொதித்தெழுந்தார்கள், அணியும் வரவில்லை. இதற்கு நேர் எதிர், ஜப்பானின் நகாட்சுயே. 2002 உலகக் கோப்பைக்குக் கேமரூன் அணியை வரவேற்கக் காத்திருந்த மிகச் சிறிய மலைக்கிராமம் அது. அணி பல நாள் தாமதமாக, நள்ளிரவுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. மக்கள் தூங்காமல் காத்திருந்து வரவேற்றார்கள். நாடே அந்தக் கிராமத்தின் பெயரைத் தெரிந்துகொண்டது, கேமரூனுடனான நட்பும் போட்டியோடு முடிந்துவிடவில்லை. எந்த விளம்பர பட்ஜெட்டாலும் இதை வாங்க முடியாது.

அப்புறம் எல்லை. விடுதி, சாலை, அலங்கார விளக்கு என்று எல்லாம் யோசித்துவிட்டு, ஆட்டம் முடிந்த ரசிகர் அதே இரவு எப்படித் திரும்பி வருவார் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையின்போது துபாய் இதை மறக்கவில்லை. ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு நாளைக்கு 30 முறை வரை போய்வரும் விமானங்கள் ஏற்பாடாயின. கத்தாரின் ஹய்யா அட்டை (போட்டி ரசிகர்களுக்கான நுழைவு அனுமதி) வைத்திருந்தவர்களுக்கு 100 திர்ஹாமில், பலமுறை வந்துபோகும் 90 நாள் விசாவை ஐக்கிய அரபு அமீரகம் தந்தது. விமானமும் விசாவும் ஒன்றாக அமைந்ததால்தான் ரசிகர்கள் துபாயில் அறை எடுக்கத் துணிந்தார்கள். போட்டி நடக்கும் நாட்டோடு உட்கார்ந்து பேசாமல் இதெல்லாம் நடக்காது.

விளம்பரத்திலும் கவனம் வேண்டும். ஒலிம்பிக் வளையங்களையோ போட்டியின் பெயரையோ இஷ்டத்துக்குப் போட முடியாது. லண்டனுக்காக 2006-இல் வந்த சட்டத்தின்படி 'கேம்ஸ்', '2012' ஆகிய இரண்டையும் சேர்த்து விளம்பரத்தில் போட்டாலே அப்போது சிக்கல் வரலாம் என்றிருந்தது. சுவரொட்டி அச்சடிப்பதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

புது அரங்கம் கட்டும் யோசனை வந்தால், போட்டி முடிந்த அடுத்த வருடம் அங்கே யார் விளையாடுவார்கள், பராமரிப்புச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் இருக்கிற மைதானத்தைச் செப்பனிடுவதே சரி.

கடைசியாக, போட்டிக்கு முந்தைய ஆண்டே விடுதி அறைகள் எத்தனை நிரம்பின, எல்லையை எத்தனை பேர் கடந்தார்கள் என்று மாதவாரியாகக் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பு கையில் இருந்தால்தான், போட்டியால் என்ன கூடியது என்று பிறகு ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.