வலை வடிவமைப்பில் முதுகலை: எந்த வழியில் செல்வது, எப்படித் தயாராவது

வலை வடிவமைப்பு என்ற பெயரிலேயே முதுகலைப் பட்டம் தரும் கல்லூரிகள் இந்தியாவில் மிகக் குறைவு என்பதால், பட்டத்தின் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, தமக்கு எதில் ஈடுபாடு என்பதை மாணவர்கள் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தளத்தை இயக்கும் நிரல், தரவுத்தளம், சர்வர் ஆகியவற்றில் மனம் செல்பவருக்கு எம்.சி.ஏ. எனும் கணினிப் பயன்பாட்டு முதுகலைப் பட்டம் பொருந்தும். தமிழ்நாட்டில் கலந்தாய்வு வழியாக அதில் சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருப்பதும் பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது.

ஒரு பக்கத்தைத் திறப்பவர் எங்கே தடுமாறுகிறார், ஏன் பாதியிலேயே வெளியேறுகிறார் என்று யோசிப்பவருக்கு உரியது எம்.டெஸ். எனும் வடிவமைப்பு முதுகலைப் பட்டம். மும்பை ஐ.ஐ.டி.யில் 1969-இல் தொடங்கப்பட்ட ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளியில் பயனரும் கருவியும் ஊடாடும் விதத்தை வடிவமைக்கும் இன்டராக்‌ஷன் டிசைன் தனிப் பிரிவாகவே கற்பிக்கப்படுகிறது. இதற்கான சி.இ.இ.டி. நுழைவுத் தேர்வைப் பொறியியல் பட்டதாரிகள் மட்டுமல்லாமல், மூன்றாண்டுப் பட்டம் பெற்ற கலை, வணிகவியல் மாணவர்களும் எழுதலாம். வயது வரம்பு இல்லை. இது தெரியாமலேயே பலர் ஒதுங்கிவிடுவது வருத்தத்துக்குரியது. தேர்வின் முதல் பகுதி கணினியில் ஒரு மணி நேரம், இரண்டாம் பகுதி தாளில் கையால் வரைந்தும் எழுதியும் இரண்டு மணி நேரம். இறுதி மதிப்பெண்ணில் இரண்டாம் பகுதிக்கே 75 சதவீதம் என்பதால், தினமும் பென்சில் பிடித்து வரைந்து பழகுவதே முறையான தயாரிப்பு.

நேர்காணலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்ஃபோலியோவில், அதாவது சொந்தப் படைப்புகளின் தொகுப்பில், பத்துப் பக்கங்களின் அழகான படங்களை அடுக்குவதைவிட, ஒரே பணியை ஆழமாகச் செய்து காட்டுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. பேருந்து முன்பதிவுப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மவுஸைத் தொடாமல் டேப் விசையை மட்டும் அழுத்தி, இருக்கையைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தும் பொத்தான்வரை செல்ல முடிகிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து அறைக்குள் நேர்த்தியாகத் தெரிந்தாலும், உச்சிவெயிலில் பேருந்து நிலையத்தில் நிற்பவருக்குக் கைபேசியில் தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்று, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி கூறுவது இதுபோன்ற இடர்களைத் தவிர்ப்பதற்காகவே. வயதானவர் ஒருவரையும், கணினிக்குப் புதியவர் ஒருவரையும் அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தச் சொல்லி, அவர்கள் விரல் தயங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் சரிசெய்து வரைந்த புதிய வடிவத்தோடு, கைவிட்ட வரைவுகளையும் சேர்த்தே காட்டுங்கள்.

சி.இ.இ.டி. மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். அதைப் பெற்ற பின் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். தேசிய வடிவமைப்புக் கழகமான என்.ஐ.டி.யில் சேர, அதன் சொந்தத் தேர்வான டி.ஏ.டி.யை வேறாக எழுத வேண்டும்.