லேத்தில் டேப்பர்: அந்த 2-ஐ மறக்காதீர்கள்

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) டேப்பர், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராக மெலியும் கூம்பு வடிவம், கடைய வேண்டுமா? பெரிய விட்டம் 30 மி.மீ., சிறியது 20, டேப்பர் நீளம் 40 என்று வரைபடம் சொல்கிறதா? வித்தியாசம் 10-ஐ, நீளத்தின் இரு மடங்கான 80-ஆல் வகுங்கள்: 0.125. இதன் டான் இன்வர்ஸ் (tan⁻¹) சுமார் 7.1 டிகிரி. காம்பவுண்ட் ரெஸ்ட்டை (டூலைத் தாங்கும், கோணத்தில் திருப்பக்கூடிய மேல் பகுதியை) அவ்வளவுதான் திருப்ப வேண்டும். 2-ஐ விட்டுவிட்டு 40-ஆல் வகுத்தால் கோணம் 14 டிகிரி; சிறிய முனை 10 மி.மீ.க்கு இளைத்துவிடும். வெட்டிய உலோகத்தை ஒட்டவா முடியும்?

கேரியேஜை (டூலைச் சுமந்து லேத்தின் நீளவாக்கில் நகரும் பகுதியை) நகராமல் பூட்டிவிட்டு, காம்பவுண்ட் கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றுங்கள். நிறுத்தி நிறுத்திச் சுற்றினால் பரப்பில் கோடு விழும்.

கோணம் சரி, ஆனாலும் டேப்பர் லேசாகக் குழிகிறதா? டூல் முனை சென்டர் உயரத்தில் (உலோகம் சுழலும் அச்சின் உயரத்தில்) இல்லை. ஃபேசிங் (முனையின் முகப்பைத் தட்டையாகக் கடைவது) செய்யும்போது நடுவில் சின்னக் குமிழ் மிஞ்சினாலே அது தெரிந்துவிடும்.